இங்கே நாங்கள் புகைப்பதில்லை

நெடுங்காடு
3 நவம்பர் 2024

இப்ராஹிமுக்கு சுப்ராயன் எழுதுவது.

வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதையெல்லாம் நீ பார்த்துவிடுகிறாய் என்று நீலக்கோடு விழுகிறது. பதில்தான் வருவதில்லை. ஒன்றே முக்கால் வருஷமாக இதே கதை. கடிதத்தில் அந்தக் கோடு கிடையாது. நீ படித்தாயா, மடித்து வைத்தாயா என்று எனக்குத் தெரியவராது. அதுவே ஒரு நிம்மதி. திருமலைராயன்பட்டினத்து ஆள் ஒருவர் தம்மாமுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

என் நிலைமை உனக்குத் தெரியும். புற்றுநோய்க்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியாகத்தான் மூச்சு. மூக்கு முகத்துக்கு அழகுக்காக இருக்கிறது. கீழவாஞ்சூரிலிருந்து நிலக்கரி லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவன், இப்போது வீட்டு வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறேன். பேச வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். வீட்டில் குஞ்சம்மாவுக்குச் சிலேட்டு வேண்டாம். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள், சில நேரம் நான் சொல்லாததையும் சேர்த்து.

போன வாரம் செக்கப்புக்காகக் காரைக்கால் போக பஸ் நிறுத்தத்தில் நின்றேன். நல்ல மழை. நம் நிறுத்தம்தான் உனக்குத் தெரியுமே, மூன்று பக்கமும் திறந்து கிடக்கும் ஒரு கூரை. ஊரே அதன் அடியில் நெருக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் மூன்று பேர் பற்றவைத்தார்கள். எனக்கு மூக்கைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி நேராக நெஞ்சுக்குள்ளேயே போகும் புகை. இருமல் வந்தது, நிற்கவில்லை. சிலேட்டு தண்ணீரில் விழுந்தது. முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டேன். காலையிலேயே குடித்துவிட்டான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. 'அணைங்க' என்று ஒரு வார்த்தை, இப்ராஹிம். அதைச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

அப்போது ஒரு பெண் வந்து என் தலையைப் பிடித்தாள். கழுத்துத் துணியை விலக்கிச் சளியைத் துடைத்தாள். திரும்பி அந்த மூன்று பேரிடமும், "அணைங்கண்ணே, அவருக்கு மூச்சு கழுத்துல இருக்கு" என்றாள். சத்தமே போடவில்லை. மூன்று பேரும் அணைத்தார்கள்.

உன் மகள் நௌஷின்தான் அது. ஜூனிலிருந்து இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாளாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். பஸ் நிறுத்தம், அதை ஒட்டிய சந்தைத் திடல், பள்ளிக்கூட வாசல், இந்த மூன்று இடத்திலும் யாரும் புகை பிடிக்காதபடி செய்ய வேண்டும், நீங்கள் கூட வருவீர்களா மாமா என்று கேட்டாள். அங்கே முப்பது வருஷம் ஊதியவர்களில் முதல் ஆள் நான்தான் என்று எழுதிக் காட்டினேன். "தெரியும் மாமா. அதனாலதான் கேக்குறேன்" என்றாள்.

ஆரம்பித்துவிட்டோம். உன் மகள் என்பதால் உனக்குத் தெரிவிப்பது என் கடமை. அவ்வளவுதான்.

சுப்ராயன்


தம்மாம்
29 நவம்பர் 2024

சுப்ராயனுக்கு இப்ராஹிம் ஸலாம் சொல்லி எழுதுவது.

உன் உடம்புக்காக ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம்.

கடிதம் கைக்கு வந்த அதே வாரம் என் சாச்சா மகன் போன் செய்தான். நெடுங்காடு பஸ் நிறுத்தத்தில் என் மகள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். ஆட்டோக்காரன் ஒருவன் எல்லார் முன்னாலும், உன் வாப்பாவே பாக்கெட் பாக்கெட்டாக ஊதுகிறவர், நீ என்ன ஊருக்குச் சொல்ல வந்துவிட்டாய் என்று கேட்டானாம். இதை நான் இரண்டாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்க வேண்டியிருக்கிறது.

அவளுக்கு இரண்டு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு டீச்சர், பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்குப் போனாள் என்று இருக்க வேண்டும். ரோட்டில் நின்று ஆம்பிளைகளோடு வாக்குவாதம் பண்ணுகிறாள் என்று பேர் வந்தால் அதை அழிக்க முடியாது. உனக்கு மகள் இல்லை. அதனால் இந்தக் கவலை உனக்குப் புரியாது.

நான் சொன்னால், "அப்புறம் பேசுறேன் வாப்பா" என்று வைத்துவிடுகிறாள். உன் பேச்சைக் கேட்பாள். நிறுத்தச் சொல். உனக்குச் செய்ய வேண்டுமென்றால் நீ செய்துகொள்.

இப்ராஹிம்


நெடுங்காடு
22 டிசம்பர் 2024

இப்ராஹிமுக்கு,

எனக்கு மகள் இல்லை. அதைக் குஞ்சம்மா படித்துவிடக்கூடாது என்று உன் கடிதத்தைப் பஞ்சர் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அவள் எடுத்துப் படித்துவிட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் அதிகம் சாப்பிடவில்லை.

முதலில் உன் உத்தரவுக்குப் பதில். நீ சொன்னதைச் செய்தேன். சிலேட்டில், 'உன் வாப்பா வேண்டாம் என்கிறார், நீ விலகிக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதி நௌஷினிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தாள். துப்பட்டா நுனியால் சுத்தமாகத் துடைத்து, சிலேட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த சனிக்கிழமை எண்ணணும் மாமா, மறந்துடாதீங்க" என்றாள்.

எண்ணினோம். அது அவளுடைய யோசனை. இந்த ஊரில் எல்லாரும் புகையைப் பற்றிப் பேசுவார்கள், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்றாள். சனிக்கிழமை விடிகாலையில் நிறுத்தத்தைப் பெருக்கிச் சுத்தமாக்கினோம். விளக்கு வைக்கும் நேரம் வரை அவளும் குஞ்சம்மாவும் மணிக்கு ஒருமுறை சிகரெட் துண்டு, பீடித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கினார்கள். எழுநூற்று நாற்பத்து மூன்று. ஒரு நாளில், ஒரு கூரையின் கீழே. ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடிகளில் போட்டு வைத்திருக்கிறோம்.

இனி அந்த ஆட்டோக்காரன் விஷயம். உன் சாச்சா மகன் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். மீதியை நான் சொல்கிறேன், நான் பக்கத்தில் நின்றேன். அவன் பேர் அகரன், முப்பது வயதுப் பையன். அவன் அப்படிக் கேட்டது நிஜம். நாலு பேர் சிரித்ததும் நிஜம். நௌஷின் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஆமாண்ணே, எங்க வாப்பா ஊதுனாருதான். பதினோரு வருஷம் ஒரே லாரியில அவர் பக்கத்துல உக்காந்திருந்த மாமா இவரு. இவருக்கு இப்போ குரல் இல்ல. எங்க வாப்பாவுக்கு இருக்கு. அது இருக்கும்போதே கேட்டுடலாம்னுதான் வந்திருக்கேன்."

சிரித்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அகரன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இதில் பேர் கெட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மகள் இல்லாததால் இருக்கலாம்.

எழுத வேண்டாம் என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன். என் ஆபரேஷனின்போது நீ லீவில் ஊரில்தான் இருந்தாய். ஆஸ்பத்திரி இருந்த புதுச்சேரிக்கு மூன்றரை மணி நேரம்தான். கத்தி வைப்பதற்கு முந்தின நாள், குரல் இருக்கும்போதே உன்னோடு நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். யார் யாரோ வந்தார்கள். கருப்பையன்கூட டீக்கடையைச் சாத்திவிட்டு வந்தான். நீ வரவில்லை.

இனி என்ன இருக்கிறது எழுத.

சுப்ராயன்


தம்மாம்
19 ஜனவரி 2025

அன்புள்ள சுப்ராயா,

முதலில் குஞ்சம்மா தங்கச்சியிடம் சொல். அந்த ஒரு வரிக்காக நான் வெட்கப்படுகிறேன். கோபத்தில் எழுதியதுதான், ஆனால் கை நடுங்காமல் எழுதினேன். நீங்கள் இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும்.

உன் கடிதத்தை டேங்கர் லாரியில் வைத்தே படித்தேன். தண்ணீர் நிரப்ப வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நௌஷின் சொன்னதாக நீ எழுதிய இடம் வந்ததும், பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. என்னிடம் நேரில் அவள் இப்படி ஒரு நாளும் பேசியதில்லை. பேச நான் விட்டதும் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் வந்தேன், சுப்ராயா.

வீட்டில் சித்திக்கா கட்டிக்கொடுத்த பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் பையில் இருந்தன. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். உன் வார்டு இரண்டாவது மாடி என்று விசாரித்தும் விட்டேன். உன்னைப் பார்க்கத் தைரியம் வரட்டும் என்று வாசலிலேயே நின்று ஒன்று பற்றவைத்தேன். முடிந்ததும் இன்னொன்று. காவல்காரர் வந்து இங்கே பிடிக்கக்கூடாது பாய் என்றார். ரோட்டைத் தாண்டிப் போய் மூன்றாவது. அப்புறம் என் சட்டையை நானே முகர்ந்து பார்த்தேன். இந்த வாடையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பது? அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சித்திக்காவிடம் பொய் சொன்னேன். இரண்டு நாளில் லீவு முடிந்து விமானம் ஏறினேன்.

தஞ்சாவூர் ரோட்டில் லோடோடு போகும்போது உன் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். நான்தான் பற்றவைத்து உன் உதட்டில் வைப்பேன். எத்தனை ஆயிரம் தடவை என்று உன் நௌஷின் டீச்சரைக் கணக்குப் போடச் சொல். அதற்குப் பிறகு நீ அனுப்பியதையெல்லாம் படித்தேன். ஒவ்வொன்றையும் நாலு தடவை படித்தேன். எழுத வரவில்லை.

அவளை நிறுத்தச் சொல்லாதே. நான் சொன்னதாகவும் சொல்லாதே, அவளுக்கு என் மேல் இன்னும் வருத்தம் இருக்கும். நடப்பதை மட்டும் எனக்கு எழுது.

இப்ராஹிம்


நெடுங்காடு
16 பிப்ரவரி 2025

அன்புள்ள இப்ராஹிம்,

நீ பற்றவைத்தாய், நான் வாயைத் திறந்தேன். நீ லீவு போட்ட நாட்களில் யார் வைத்தார்கள்? நானேதான். அதை உன் கணக்கில் ஏற்றிக்கொள்ளாதே. ஆனால் வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியதற்கு உன் மேல் கோபம் இருக்கிறது. வாடையோடு வந்திருக்கலாம். எனக்கு அந்த வாடை புதிதா? குஞ்சம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்ட முடியாதே, அவளே படித்தாள். "அண்ணன வரச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் நாங்கள் கொடுத்த மனுவுக்காக ஆணையர் போன புதன்கிழமை கூட்டம் போட்டார். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முக்கால்வாசி பெண்கள். எதிர்ப்பக்கம் கருப்பையனும் ஆட்டோக்காரர்களும் சந்தை வியாபாரிகளும். கருப்பையன் கடை நிறுத்தத்தை ஒட்டியே இருக்கிறது, உனக்குத் தெரியும். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டீக்கும் சிகரெட்டுக்கும் ஜோடி, ஒன்று போனால் மற்றதும் போய்விடும், என் பிழைப்பு என்ன ஆவது என்றான்.

நௌஷின் எழுந்து நான் எழுதிக் கொடுத்ததை வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரி வாசித்திருப்பாள். பின்னால் இருந்து ஒருவர், "புகார் குடுத்தவரு சுப்ராயன்தானே, அவரு சொல்லட்டும். டீச்சரம்மா எதுக்கு நடுவுல?" என்றார். என்னால் பேச முடியாது என்று தெரிந்தேதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால் அது பேசும். மனிதக் குரல் இல்லை. ரேடியோ கெட்டுப்போனால் வருமே, அந்த மாதிரி. ஒரே ஒரு தடவை வீதியில் பேசிப் பார்த்தேன். பிள்ளைகள் அதே மாதிரி பேசிக் காட்டின. அன்றைக்குப் பீரோவில் வைத்தவன்தான்.

குஞ்சம்மா தன் பையைத் திறந்து அதை எடுத்து என் கையில் வைத்தாள். கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்க்கவே இல்லை, நேராக ஆணையரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தேன். சத்தம் வந்ததும் யாரோ ஒருவர் சிரித்தார். அவரோடு சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை.

"கருப்பையா, உன் கடையில முப்பது வருஷம் வாங்கிப் பிடிச்சவன் நான். உன் மேல கோபம் இல்ல. யாரையும் விடச் சொல்லவும் வரல. பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துல மட்டும் வேணாம். மத்தவங்க மூக்கப் பொத்திக்கலாம். எனக்குப் பொத்திக்க வழி இல்ல."

இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடிக்க நேரம் ஆயிற்று. இரண்டு வருஷத்தில் நான் ஊருக்கு நடுவே பேசிய முதல் பேச்சு. எப்படி இருந்தது என்று கேட்காதே. லோடு ஏற்றிய வண்டியை நான் மேட்டில் நிறுத்தாமல் ஏற்றிவிட்டால் நீ என் தொடையில் தட்டுவாயே, அப்படி யாராவது தட்ட மாட்டார்களா என்று இருந்தது.

பிறகு நௌஷின் ஜாடிகளை மேஜை மேல் வைத்தாள். அதைப் பற்றி அவள் பேசவே வேண்டியிருக்கவில்லை.

அகரன்தான் நல்ல கேள்வி கேட்டான். அப்போ நாங்க எங்கதான் போய்ப் பிடிக்கிறது என்றான். அவளிடம் பதில் இருந்தது. திடலின் பின்மூலையில், நடைபாதையிலிருந்து அறுபது தப்படி தள்ளி ஓர் இடத்தை அவள் நடந்தே அளந்து வைத்திருந்தாள். அங்கே ஒரு மணல் வாளி. ஆணையர் மூன்று இடங்களையும் புகையில்லா இடங்களாக அறிவிக்க ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார்: பலகை வைக்க நம்மால் முடியும், காவலுக்கு ஆள் வைக்க முடியாது, ஊர்தான் காக்க வேண்டும்.

பலகையில் என்ன எழுதுவது என்று மூன்று நாள் விவாதம். 'தண்டனைக்குரியது' என்று ஒரு பலகை அங்கே பத்து வருஷமாகத் துருப்பிடித்துத் தொங்குகிறது, யாரும் படித்ததில்லை. கடைசியில் நௌஷின் எழுதியது நின்றது: 'இங்கே நாங்கள் புகைப்பதில்லை. நெடுங்காடு ஊரார்.'

'நாங்கள்' என்று போட்டாளே, அதில் என்னையும் சேர்த்திருக்கிறாள்.

சுப்ராயன்


தம்மாம்
14 மார்ச் 2025

அன்புள்ள சுப்ராயா,

ரமலான் நடக்கிறது. நோன்பு திறந்துவிட்டு எழுதுகிறேன்.

நீ பேசியதை யாரோ செல்போனில் எடுத்திருக்கிறார்கள். எங்கள் காரைக்கால்காரர்கள் குழுவுக்கு வந்தது. என் அறையில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களும் கடைசிவரை பார்த்தார்கள். இவர் என் லாரி பார்ட்னர் என்றேன். பின்னால் ஜாடியோடு நிற்பது யார் என்று கேட்டார்கள். வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டுக் காட்டினேன்.

நீ இப்போது பேசுவது எனக்கு நன்றாகப் புரிகிறது. ரேடியோ மாதிரி எல்லாம் இல்லை. நீ மூச்சு விட்டு நிறுத்தும் இடங்கள் அப்படியே பழைய சுப்ராயன்தான்.

பகலில் நோன்பு என்பதால் தொடுவதில்லை. இரவில் இரண்டு. முன்னே இருபது. முழுதாக விட்டுவிட்டேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

நௌஷினுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் பேசினோம். திட்டுவேன் என்று நினைத்திருப்பாள் போல, முதலில் தயங்கித் தயங்கிப் பேசினாள். கருப்பையன் என்ன ஆனான், பலகை நிற்கிறதா என்று மட்டும் கேட்டேன். "மாமா எழுதுவாரு" என்கிறாள். நீ எழுது.

இப்ராஹிம்


நெடுங்காடு
8 ஜூன் 2025

அன்புள்ள இப்ராஹிம்,

தாமதத்துக்குக் காரணம், நல்ல செய்தி வரட்டும் என்று காத்திருந்தேன்.

முதல் பதினைந்து நாள் மோசம். பலகை வைத்த நான்காம் நாள் அதன் கம்பத்தை யாரோ சாய்த்துவிட்டார்கள். நிமிர்த்தினோம், மறுபடி சாய்ந்தது. வெளியூர் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் பழக்கத்தில் பற்றவைப்பார்கள். காலையில் நானும் குஞ்சம்மாவும், சாயங்காலம் நௌஷினும் நின்றோம். சண்டை போடுவதில்லை என்று முடிவு. திடல் மூலையைக் கை காட்டி, "அங்க போய்ப் பிடிச்சுட்டு வாங்கண்ணே, பஸ் வந்தா நிறுத்தி வைக்கிறோம்" என்பாள் உன் மகள். ஒருமுறை நிஜமாகவே கண்டக்டரிடம் சொல்லி நிறுத்தியும் வைத்தாள். அந்த மனிதர் ஓடிவந்து ஏறி, சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு நாள் சாயங்காலம் சித்திக்கா வந்தாள். மகளை அழைத்துப் போக வந்தாள் என்று நினைத்தேன். அவளும் ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்றாள். போகும்போது என்னிடம், "பொண்ணு பாக்க வந்தவங்க ஒருத்தங்க இதைச் சொல்லி வேணாம்னுட்டாங்கண்ணே. நல்லதாப் போச்சு, அந்த வீட்ல மூணு பேரு பிடிக்கிறாங்களாம்" என்றாள். இதை உன்னிடம் அவளே சொல்லியிருப்பாள்.

கருப்பையன் கதை இது. முன்பெல்லாம் பெண்கள் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் வெயிலில்தான் நிற்பார்கள், கவனித்திருக்கிறாயா? நான் கவனித்ததே இல்லை. புகைக்குப் பயந்து அத்தனை வருஷமும் அங்கே நின்றிருக்கிறார்கள். இப்போது கூரைக்குள் வந்து நிற்கிறார்கள். நின்றால் டீ வேண்டும், பிள்ளைக்குப் பன் வேண்டும். ஏப்ரலில் கருப்பையன் இரண்டாவதாக ஒரு பாய்லர் வைத்தான். சிகரெட்டும் விற்கிறான், அதை மறைக்கவில்லை. ஆனால் கடை முன்னால் பிடிக்க விடுவதில்லை. மூன்றாம் தடவை கம்பம் சாய்ந்தபோது அவனே வந்து, "இத இங்க எழுதுங்க, எவன் சாய்க்கிறான்னு பாப்போம்" என்று தன் கடைச் சுவரைக் காட்டினான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கண்ணில் முதலில் படும் சுவர் அது. ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறோம்.

நேற்றுச் சனிக்கிழமை. மறுபடி எண்ணினோம். விடிகாலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை. பத்தொன்பது. எழுநூற்று நாற்பத்து மூன்று எங்கே, பத்தொன்பது எங்கே. நௌஷின் இரண்டு தடவை எண்ணினாள். அகரன் மூன்றாவது தடவை எண்ணினான். ஆமாம், அவனேதான். ஆட்டோ ஸ்டாண்டில் இப்போது யாராவது பற்றவைத்தால் முதலில் கத்துகிறவன் அவன். அந்தப் பத்தொன்பதும் வெளியூர்க்காரர்களுடையது, நம்மூர்க் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சண்டை போட்டான்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. கூச்சப்படாமல் எழுதுகிறேன். வண்டி ஓட்டிய காலத்தில் நம் வண்டியைச் சொல்லிப் பெருமைப்பட்டோம். அதற்குப் பிறகு எதையும் என்னுடையது என்று சொல்லத் தோன்றியதில்லை. இப்போது நிறுத்தத்தில் ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இது நாங்கள் செய்தது என்று மனசு சொல்கிறது.

போன வாரம் விழிதியூரிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். கூரையைச் சுற்றிப் பார்த்தார்கள், சுவரைப் படித்தார்கள், இதை யார் செய்தது என்று கருப்பையனிடம் விசாரித்திருக்கிறார்கள். அவர்கள் ஊர் நிறுத்தத்துக்கும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் இதே மாதிரி வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நௌஷின் அங்கே வந்து ஆரம்பித்துவைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். உன் வாப்பாவிடம் கேட்டுக்கொள் என்றேன். "நீங்களே எழுதிக் கேளுங்க மாமா, உங்களுக்குத்தான் அவரு பதில் போடுறாரு" என்று சிரிக்கிறாள்.

கேட்டுவிட்டேன். உன் பதிலைச் சொல்.

சுப்ராயன்


தம்மாம்
6 ஜூலை 2025

அன்புள்ள சுப்ராயா,

போகட்டும். விழிதியூருக்கும் போகட்டும், அவர்கள் கூப்பிட்டால் திருநள்ளாற்றுக்கும் போகட்டும். பெண் பார்க்க வந்த அந்த இடம் வேண்டாம் என்று போனதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. அவள் நிற்கும் இடத்தில் வந்து பக்கத்தில் நிற்கத் தெரிந்த ஒருவன் வருவான். வராவிட்டால் அது அவனுக்குத்தான் நஷ்டம். இதை அவளிடம் நானே சொன்னேன். "வாப்பா, நீங்கதானா பேசுறது?" என்று கேட்டாள்.

என் கணக்கு இது: நோன்புப் பெருநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்று. அதையும் விட்டு இன்றைக்கு இருபத்திரண்டு நாள். இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றால் இன்னும் ஆசை இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் சமாளிக்கிறேன்.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். எங்கள் முகாமில் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு முற்றம் உண்டு. வெயில் தாழ்ந்ததும் நூறு, நூற்றைம்பது பேர் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவோம். அங்கேயேதான் ஊதுவோம். ஒரு நேபாளப் பையனுக்கு ஆஸ்துமா. தட்டைத் தூக்கிக்கொண்டு தினமும் படிக்கட்டில் போய் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவான். மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்றைக்குத்தான் கண்ணில் பட்டான்.

வேலிக்குப் பக்கத்தில் ஒரு தகர டிரம்மில் மணல் நிரப்பி வைத்தேன். அதற்குப் பிறகு முற்றத்தில் பற்றவைத்த ஒவ்வொருவரிடமும் போய், அங்கே போய்ப் பிடித்துவிட்டு வாருங்கள், உங்கள் தட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சிலர் போனார்கள். சிலர் முறைத்தார்கள். நேற்று முன்தினம் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர், நம் காரைக்கால்காரர்தான், எனக்கு முன்பின் தெரியாதவர், சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இதெல்லாம் சொல்றதுக்கு நீங்க யாரு பாய்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் உண்டு. எந்தத் தெரு, யார் மகன், எத்தனை வருஷம் லாரி ஓட்டினேன் என்று சொல்லுவேன். அன்றைக்கு அது எதுவும் வாயில் வரவில்லை.

"நெடுங்காட்டுல நௌஷின் டீச்சர் இருக்காங்கல்ல? நான் அவங்க வாப்பா" என்றேன்.

அவர் எழுந்து வேலிப்பக்கம் போனார்.

இப்ராஹிம்